தலைக்குள் ஒரு சின்ன சைக்கிள்

எங்கள் குடியிருப்பின் மாடிப்படிக்குக் கீழே 23 சைக்கிள்கள் கிடக்கின்றன. நானே போய் எண்ணினேன். பாதிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறது, சாவி எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஐந்தாறுக்கு சீட்டு இல்லை. எல்லாவற்றுக்கும் டயர் தரையோடு ஒட்டிப்போயிருக்கிறது. வருகிற சனிக்கிழமை காயலான் கடை வண்டி வந்து எல்லாவற்றையும் கிலோ கணக்கில் அள்ளிக்கொண்டு போகும் என்று போன கூட்டத்தில் முடிவு செய்துவிட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் நான் எழுந்து ஒரு விண்ணப்பம் வைத்தேன். கார் நிறுத்தும் இடத்தின் பின்மூலையை ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று மணி நேரம் எனக்குக் கொடுங்கள், இந்தச் சைக்கிள்களை நாமே பழுது பார்ப்போம், தேறாததைக் கழற்றித் தேறுவதற்கு மாட்டுவோம், வேண்டுவோர் எடுத்துக்கொள்ளட்டும் என்றேன். கேட்டவர்கள் சிரித்தார்கள். ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "பெரியவருக்கு மறை கழன்றுவிட்டது" என்று சொன்னது என் காதில் விழுந்தது. காது இன்னும் நன்றாகத்தான் கேட்கிறது.

எனக்குக் கோபம் வரவில்லை. ஏனென்றால் இதே வசை பிரெஞ்சிலும் உண்டு. நமக்கு மறை கழன்றால் அவர்களுக்குத் தலைக்குள் சின்ன சைக்கிள் ஒன்று ஓடும். ஒருவன் கொஞ்சம் கிறுக்கு என்பதற்கு, "அவன் தலைக்குள் ஒரு சின்ன சைக்கிள் இருக்கிறது" என்பார்கள். 1994-இல் கிரெனோபிள் நகரில் சிலர் சேர்ந்து, குப்பையில் போன சைக்கிள்களை மீட்டுப் பழுது பார்க்க ஒரு பொதுப் பட்டறை தொடங்கியபோது, அதற்கு "அன் ப்தீ வேலோ தான் லா தேத்" என்றே பெயர் வைத்தார்கள். "தலைக்குள் ஒரு சின்ன சைக்கிள்" என்று அர்த்தம். ஊர் என்ன சொல்லும் என்று தெரிந்து, அதையே பெயர்ப்பலகையில் எழுதிவிட்டார்கள்.

கூட்டத்தில் எனக்கு மூன்று ஆட்சேபணைகள் சொன்னார்கள். அங்கே பதில் சொல்ல நேரம் கொடுக்கவில்லை. இங்கே யாரும் மணி அடிக்க முடியாது அல்லவா, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதல் ஆட்சேபணை: "இதெல்லாம் பிரெஞ்சுக்காரன் பழக்கம் சார். நீங்க அந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சவரு, உங்களுக்குப் பிடிக்கும். நம்ம ஊருக்குச் சரிப்படாது."

நான் படித்தது பிரெஞ்சு வழியில்தான், மறுக்கவில்லை. 1954 நவம்பரில் இந்த ஊர் கைமாறியபோது எனக்கு நாலு வயது. ஆனாலும் எங்கள் வீட்டில் பிள்ளைகளைப் பழைய வழக்கப்படியே பிரெஞ்சுப் பள்ளியில் சேர்த்தார்கள். வேலைக்குப் போன பிறகுதான் ஆங்கிலத்தில் நோட்டு எழுதக் கற்றுக்கொண்டேன். அப்படி நான் கற்ற முதல் சொற்களில் ஒன்று "அன்சர்வீசபிள்". உபயோகத்துக்கு லாயக்கற்றது. அலுவலகப் பேச்சில் அதற்குக் "கண்டம் பண்ணுவது" என்போம். மேசை, நாற்காலி, மின்விசிறி, எதையும் கண்டம் பண்ணலாம். அதற்கென்று ஒரு பதிவேடு, ஒரு குழு, மூன்று கையெழுத்து.

1984 என்று நினைவு. நான் வேலை பார்த்த அலுவலகத்தில் தபால் கொண்டுபோகும் கடைநிலை ஊழியர்களுக்கென்று வாங்கிய சைக்கிள்கள் ஏழு, கொட்டகையில் நின்றன. கண்டம் பண்ணும் நோட்டை எழுத வேண்டியவன் நான். கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன். ஒன்றில் ரிம் கோட்டம், ஒன்றில் செயின் இல்லை, ஒன்றில் பெடல் கட்டை உடைந்திருந்தது. கூட வந்த கடைநிலை ஊழியர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் அப்பா முத்தியால்பேட்டையில் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்தவர். அவர் சொன்னார்:

"சார், இத ஏன் கண்டம் பண்றீங்க? ரெண்ட கழட்டி ஒண்ணுல மாட்டினா நாலு சைக்கிள் தேறும். எனக்கு ரெண்டு நாளு குடுங்க, நானே பண்ணிடறேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரூல்ஸ்ல இடமில்லப்பா." அவரைவிடப் பத்து வயது சின்னவன், "அப்பா" போட்டுப் பேசினேன். எழுத்தர் அல்லவா. ஏழுக்கும் "அன்சர்வீசபிள்" என்று எழுதினேன். ஏலத்தில் போயின. எடுத்தவர் பழைய இரும்பு வியாபாரி. நாலு மாதம் கழித்து அதில் ஒன்றை, அலுவலக எண் பெயின்ட் அழியாமலே, பெரிய மார்க்கெட் அருகே கருவாட்டுக் கூடை கட்டிக்கொண்டு ஒருவர் ஓட்டிப்போவதைப் பார்த்தேன். லாயக்கற்றது என்று நான் கையெழுத்துப் போட்ட சைக்கிள்.

கிரெனோபிள்காரர்கள் பட்டறை தொடங்குவதற்குப் பத்து வருடம் முன்பே, ஒரு புதுச்சேரி கடைநிலை ஊழியர் அதன் முழுத் திட்டத்தையும் ஒரே வாக்கியத்தில் என்னிடம் சொல்லிவிட்டார். அவர் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. நம் ஊர் சைக்கிள் கடை ஒவ்வொன்றும் அப்படித்தான் நடந்தது. ரோடியர் மில் சங்கு ஊதினால் முதலியார்பேட்டைச் சாலை முழுக்க சைக்கிளாகத்தான் இருக்கும். அத்தனை சைக்கிளும் ஓடியது புதிது வாங்கியா? ஓவராயில் செய்து, பால்ரஸ் மாற்றி, பழைய ஃப்ரீவீலைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு மாட்டி, பத்து வருட சைக்கிளை இருபது வருடம் ஓட்டினோம். ஆகவே இது பிரெஞ்சுக்காரன் பழக்கம் என்பவர்களுக்கு என் பதில்: இல்லை ஐயா, நம் பழக்கம். நான்தான் அதைக் கண்டம் பண்ணியவன்.

அப்படியானால் பிரெஞ்சுக்காரன் சேர்த்தது எதுவுமே இல்லையா என்றால், உண்டு. அதைச் சொல்ல வேண்டும்.

2016-இல் மகள் வீட்டுக்கு கிரெனோபிள் போயிருந்தேன். சுற்றிலும் மலை, நடுவில் ஊர் மட்டும் நம் புதுச்சேரி போலத் தட்டை. சைக்கிளுக்கென்றே செய்த ஊர். மகளின் சைக்கிளில் பின்சக்கரம் ஆடியது. பக்கத்தில் ஒரு பட்டறை இருக்கிறது, வருட சந்தா சிறிய தொகைதான், போய் வாருங்கள் என்றாள். நான் வழக்கம்போல சைக்கிளைக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்கலாம் என்று போனேன்.

உள்ளே சுவர் முழுக்க ஸ்பேனர்கள், ஒவ்வொன்றுக்கும் அதன் உருவத்தைச் சுவரில் வரைந்திருந்தார்கள், எடுத்ததைத் திரும்ப அங்கேயே மாட்டுவதற்கு. டப்பா டப்பாவாகக் கழற்றிய பிரேக், பெடல், செயின். இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி, கையெல்லாம் கிரீஸ், என்னைப் பார்த்து, "என்ன பிரச்சினை உனக்கு?" என்றாள்.

"உனக்கு" என்றாள். பிரெஞ்சில் நீ என்பதற்கு த்யூ, நீங்கள் என்பதற்கு வூ. பள்ளியில் எங்களுக்குப் பெரியவர்களை வூ போட்டுப் பேசவில்லை என்றால் முழங்கால் போட வைப்பார்கள். 66 வயதுக்காரனைப் பார்த்து த்யூ என்கிறாளே என்று எனக்குச் சுருக்கென்றது. சுற்றிப் பார்த்தேன். கோட்டுப் போட்ட ஒருவரையும், தலை நரைத்த அம்மாவையும், வேற்று நாட்டிலிருந்து வந்த ஒரு பையனையும் அவள் அப்படியேதான் கூப்பிட்டாள். அவர்களும் அவளை அப்படியே. அந்தப் பட்டறைக்குள் எல்லாரும் த்யூ.

சக்கரம் ஆடுகிறது என்றேன். ஒரு சின்னச் சாவியைக் கையில் கொடுத்து, "நீயே பிடி. நான் சொல்கிறேன்" என்றாள். ரிம் வலப்பக்கம் ஒதுங்கினால் அந்த இடத்தில் இடப்பக்கத்துப் போக்ஸ் கம்பியைக் கால் சுற்று இறுக்க வேண்டும், வலப்பக்கத்துக் கம்பியைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும், சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்க்க வேண்டும், மறுபடியும் கால் சுற்று. இவ்வளவுதான் கோட்டம் எடுப்பது. முப்பத்தைந்து வருடம் சைக்கிளில் அலுவலகம் போனவன், அன்றைக்குத்தான் முதல்முறையாக என் கையால் ஒரு கம்பியைத் தொட்டேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. சக்கரம் நேரானது. வெளியே வந்து வெகுநேரம் கையைக் கழுவாமலே இருந்தேன்.

இந்த மாதிரிப் பட்டறைகள் அங்கே ஒரே நாளில் முளைக்கவில்லை. 1980-களின் தொடக்கத்திலேயே வியன்னாவில் இப்படி ஒன்று வந்துவிட்டது. அமெரிக்காவில் 1984-இல், அதாவது நான் ஏழு சைக்கிளைக் கண்டம் பண்ணிய அதே வருடத்தில், பழைய சைக்கிள்களைச் சேகரித்து நிகராகுவாவுக்கு அனுப்ப ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். "குண்டு வேண்டாம், சைக்கிள் போதும்" என்கிற மாதிரி அதற்குப் பெயர். பிரான்சில் இப்போது இத்தகைய பட்டறைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. 2010-இல் அவை சேர்ந்து ஒரு கூட்டமைப்பு அமைத்தன. அதன் பெயர் "லெரெ சிக்ளாஜ்". காதால் கேட்டால் மறுசுழற்சி என்று விழும், எழுத்தில் பார்த்தால் மகிழ்ச்சியான சைக்கிளோட்டம் என்று இருக்கும். பெயர் வைப்பதில் அவர்களை மிஞ்ச முடியாது.

ரெண்டைக் கழற்றி ஒன்றில் மாட்டுவது நமக்கும் தெரியும். அவர்கள் சேர்த்தது என்னவென்றால், சைக்கிள் யாருடையதோ அவர் கையிலேயே ஸ்பேனரைக் கொடுத்ததும், அந்த இடத்தில் எல்லாரையும் ஒரே மரியாதையில் கூப்பிட்டதும்தான். இங்கே இந்த இரண்டும்தான் நமக்குக் கசக்கிறது.

இரண்டாவது ஆட்சேபணை அதைத்தான் காட்டுகிறது: "கிரீஸும் எண்ணெயுமா தரை அசிங்கமாயிடும். கண்டவங்க உள்ள வருவாங்க."

தரை அழுக்கானால் நான் கழுவிவிடுகிறேன். அந்தக் கண்டவர்கள் யார்? வேலைக்கு வரும் அம்மாவின் பையன். காவலாளியின் மகள். எதிர்ச்சந்துப் பிள்ளைகள். இவர்கள் தினமும் உள்ளே வருகிறார்கள், பெருக்குகிறார்கள், காய்கறி கொண்டுவருகிறார்கள், கேட்டைத் திறந்துவிடுகிறார்கள். அப்போதெல்லாம் அவர்கள் கண்டவர்கள் இல்லை. நம் பேரப்பிள்ளைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்க்கும்போது மட்டும் கண்டவர்கள் ஆகிவிடுகிறார்கள்.

வீட்டு வேலைக்கு வரும் அந்த அம்மாவின் ஊர் கடலூர் பக்கம். அவருடைய மூத்த பெண்ணுக்குப் பள்ளியில் அரசாங்கச் சைக்கிள் கிடைத்தது. தமிழ்நாட்டில் 2001-02-இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் விரித்த நல்ல திட்டம். நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் சைக்கிளுக்கு ஒரு வருடத்தில் வால்டியூப் போயிற்று. அப்புறம் பின்டயர். ஊரில் இருந்த ஒரே சைக்கிள் கடையும் மூடியாகிவிட்டது. ஒன்றரை வருடம் ஆட்டுக்கொட்டகையில் நின்றுவிட்டு, கடைசியில் பிளாஸ்டிக் குடத்துக்குப் போட்டுவிட்டார்களாம். சைக்கிள் கொடுத்தார்கள், கூடவே ஒரு ஸ்பேனரையும், அதைப் பிடிக்கச் சொல்லித்தர ஒரு மணி நேரத்தையும் கொடுத்திருந்தால் அந்தப் பெண் இன்றைக்கும் அதில் போய்க்கொண்டிருப்பாள்.

அழுக்கு என்று நாம் சொல்வது தரையை அல்ல. கையை. என் அப்பா எனக்குச் சைக்கிள் வாங்கித் தந்தபோது சொன்ன ஒரே புத்திமதி, "கையில மை படலாம், கிரீஸ் படக்கூடாது" என்பது. பேனா பிடிக்கிற குடும்பம் என்ற பெருமை. அந்தப் பெருமைதான் நான் அந்த ஊழியரிடம் "ரூல்ஸ்ல இடமில்லப்பா" என்று பேசியது. ஐம்பது வயதான மெக்கானிக்கைப் பள்ளிச் சீருடை போட்ட பையன் "ஏம்பா, காத்து அடி" என்கிறான், அவர் பதிலுக்கு "வாங்க தம்பி" என்கிறார். கிரெனோபிளில் நீ என்பது இரண்டு பக்கமும் போகிறது. இங்கே ஒரே பக்கம்தான் போகிறது. இதை நான் எழுபது வயதுக்கு மேல் எழுதுகிறேன் என்பது எனக்கு வெட்கம்தான்.

மூன்றாவது ஆட்சேபணையைச் சொன்னவர் நல்ல மனிதர். அவர் கேட்டது நியாயமும் கூட: "எல்லாரும் சொந்தமா ரிப்பேர் பண்ணிக்கிட்டா, அடுத்த தெரு சைக்கிள் கடைக்காரர் வயித்துல அடிக்கிற மாதிரி ஆகாதா?"

இதற்கு நானாகப் பதில் சொல்லக்கூடாது என்று அவரிடமே போனேன். பெஞ்சில் உட்காரச் சொல்லி டீ வாங்கித் தந்தார். விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஐயா, என் கடைக்கு வர்றது எல்லாம் பைக்கு பஞ்சருதான். சைக்கிளு வாரத்துக்கு ரெண்டு வந்தா பெருசு. உங்க மாடிப்படிக்குக் கீழ கிடக்குற 23-ம் ஓட ஆரம்பிச்சா, டயரு, டியூபு, பிரேக் கட்டை எங்க வாங்குவாங்க? இங்கதான வரணும். சைக்கிள் ஓடினாத்தான் ஐயா எனக்கு வேல."

இது அவர் சொன்னது. நான் சேர்ப்பது ஒன்று. 2020-இல் கொரோனா நேரத்தில், பஸ்ஸிலும் ரயிலிலும் ஏற மக்கள் பயந்தபோது, பிரெஞ்சு அரசாங்கம் வீட்டில் கிடக்கும் பழைய சைக்கிளைக் கடையில் கொடுத்துச் சரிபார்க்க ஒரு சைக்கிளுக்கு 50 யூரோ வரை கொடுத்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சைக்கிள்கள் அப்படி மூலையிலிருந்து ரோட்டுக்கு வந்தன. மெக்கானிக்குகளுக்குத் தலை நிமிர நேரமில்லை. அதே வருடம் ஜூன் 3-ஆம் தேதி நம் நாட்டில் அட்லஸ் கம்பெனி தன் கடைசித் தொழிற்சாலையை மூடியது. ஜூன் 3 ஐ.நா. சபை அறிவித்த உலக சைக்கிள் தினம். சைக்கிள் மெக்கானிக்கின் வயிற்றில் அடிப்பது பழுது பார்க்கும் பட்டறை அல்ல. மாடிப்படிக்குக் கீழே சைக்கிளைத் தள்ளிவிட்டு, பக்கத்துத் தெருவில் பால் வாங்க ஸ்கூட்டர் எடுக்கும் நாம்தான்.

கடைக்காரர் இரண்டு நிபந்தனை போட்டார். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரத்துக்குக் கூலி வேண்டும், தர்மத்துக்கு வர முடியாது என்றார். முழு நியாயம். டியூஷன் வாத்தியாருக்குக் கொடுக்கிறோம், யோகா சொல்லித்தர வருபவருக்குக் கொடுக்கிறோம், இவருக்கு ஏன் இலவசம்? என் பென்ஷனிலிருந்து முதல் மூன்று மாதம் நான் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

இரண்டாவது நிபந்தனை: "பிள்ளைங்கள மட்டும் எங்கிட்ட விட்டுட்டு நீங்கள்லாம் மேல போயி காபி குடிக்கக் கூடாது. பெரியவங்களும் உக்காரணும்."

நான் உட்கார்ந்துவிட்டேன். போன ஞாயிறு, சாவி இருந்த ஒரு 22 இஞ்ச் சைக்கிளை எடுத்துப்போய் அவர் கடை வாசலிலேயே பஞ்சர் ஒட்டினேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, காயவிடாமல் அவசரப்பட்டு ஒட்டியதில் தண்ணீரில் அமுக்கியதும் குமிழி வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. "அஞ்சு நிமிஷம் காயணும் ஐயா" என்றார். இரண்டாவது முறை பிடித்துக்கொண்டது. அந்தச் சைக்கிள் இப்போது காவலாளியின் மகளிடம் இருக்கிறது. சொந்தக்காரரைக் கேட்டுத்தான் கொடுத்தேன். அது தன்னுடையது என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

மீதி 22. இதைப் படிப்பவர்களில் எங்கள் குடியிருப்புக்காரர்கள் நாலைந்து பேர் உண்டு என்று தெரியும். உங்களுக்குச் சொல்கிறேன். சைக்கிள் சாவி மேசை இழுப்பறையில், பழைய பாஸ்புக்குகளுக்கு அடியில் இருக்கும். தேடுங்கள். கிடைக்காவிட்டால் பரவாயில்லை, பூட்டை அறுக்கக் கடைக்காரரிடம் ரம்பம் இருக்கிறது. உங்கள் சைக்கிளில் வீட்டு எண்ணை ஒரு சீட்டில் எழுதி நூலால் கட்டிவிடுங்கள். சீட்டுக் கட்டிய சைக்கிளை எடுக்கக் கூடாது என்று காயலான் கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன், அவரும் சரி என்றார்.

இடம் கொடுக்காவிட்டாலும் ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தெருவில், வேப்பமரத்தடியில் சாக்கு விரித்து உட்காருவேன். தெரு சங்கத்துக்குச் சொந்தமில்லை.

நாற்பது வருடம் முன்பு ஏழு சைக்கிளுக்கு "அன்சர்வீசபிள்" என்று எழுதினேன். இந்த 22-க்கு நான் எழுத மாட்டேன்.